சந்தைக்கு முன்னே தவணை

வாரச் சமையல் அட்டவணை என்று அச்சாகி வருகிறவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். திங்கள் இட்லி, செவ்வாய் சப்பாத்தி, புதன் காய்கறி சாதம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறது, ஒண்ணாந்தேதி வரும் சம்பளம் இருக்கிறது. இரண்டும் இல்லாத வீடுகளிலும் வாரம் முழுக்க அடுப்பு எரிகிறது. அங்கே திட்டம் இல்லை என்று நினைத்தால் அது தவறு.

திருச்சுழி வட்டத்தில் நரிக்குடிப் பக்கம் இருக்கும் வீரசோழனை எடுத்துக்கொள்வோம். கிருதுமால் நதி பெயருக்கு ஓடும் வறண்ட சீமை. வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய் பெருகும், நெல்லும் மிளகாயும் குதிரைவாலியும் விளையும். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலையை வெட்டி மூட்டம் போடும் கரிவேலை, நூறு நாள் வேலை, வெளியூர்க் கொத்து வேலை. இங்கே வாரம் என்பது சந்தைக்குச் சந்தை. ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்போன வாரச்சந்தை கூடும் ஊர் இது. சுற்றுப்பட்டிக்காரர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், காய்கறிப் பையோடு திரும்புவார்கள்.

அந்தப் பையில் இருக்கிறது திட்டம். சந்தை அன்று ராத்திரி கீரை, ஏனென்றால் மறுநாள் வரை தாங்காது. அடுத்த நாள் வெண்டைக்காய், கத்தரிக்காய். மூன்றாம் நாளுக்குப் பூசணிக் கீற்று. அதற்குமேல் பச்சைக் காய் மிஞ்சாது. கொல்லை முருங்கை கைகொடுக்கும். கீரையாக உருவினால் பொரியல், காயாகப் பறித்தால் சாம்பார். அப்புறம் கருவாடு, சீனியவரை வத்தல், மிதுக்க வத்தல். மழைக்குப் பிறகு காடுகளில் தானாகப் படரும் கொடியில் காய்க்கும் மிதுக்கங்காயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, சுள்ளென்ற வெயிலில் நாள்கணக்கில் காயவைத்துப் பானையில் போட்டு வைப்பார்கள். அப்படிக் காயவைத்தது சித்திரையில் எண்ணெயில் பொரியும். சந்தைக்கு முந்தின நாள் கானம் என்னும் கொள்ளில் துவையலும், ரசமும். எது முதலில் கெடுமோ அது முதலில் அடுப்புக்குப் போகிறது. வீட்டுச் சமையல் திட்டமிடலுக்கு இதைவிடச் சரியான விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முஸ்லிம்கள் நிறைந்த ஊர் என்பதால் ரமலான் மாதத்தில் இந்த வரிசை முழுக்க மாறும். அதிகாலை ஸஹர், சாயங்காலம் நோன்புக் கஞ்சி என்று செலவின் நேரமும் கணக்கும் வேறாகிவிடும்.

சந்தைப் பையில் வராதவை இரண்டு. ஒன்று, ரேஷன். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், இரண்டும் கார்டுக்கு மாதம் ஒன்றுதான். இன்னொன்று, பள்ளிக்கூடம். 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்த மதிய உணவோடு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் இப்போது சேர்ந்திருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு வாரத்தின் 21 வேளைகளில் 10 வேளை பள்ளியில் கிடைக்கிறது. வாரம் 5 முட்டையும் உண்டு. உப்புமா ஒரு நாள், பொங்கல் ஒரு நாள், கிச்சடி ஒரு நாள் என்று எழுதி வைத்து நடக்கும் பட்டியல் இந்த ஊர்களில் பள்ளிச் சுவரில்தான் இருக்கிறது.

இதுவரை எல்லாம் சரி. சிக்கல் பருப்பில் தொடங்குகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் வேண்டும். காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அந்த 85 கிராம் மாதத்துக்குப் பத்துக் கிலோவைத் தாண்டுகிறது. ரேஷனில் வருவது ஒரு கிலோ. மிச்சத்தை வெளிக்கடையில் வாங்க வேண்டும், அங்கே ரேஷன் விலையைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். அரிசி ஓசியாக வருவதால் வயிறு நிறைந்துவிடும். குழம்பில் பருப்பு எத்தனை கரண்டி விழுந்தது என்பதைக் காசுதான் தீர்மானிக்கிறது.

அந்தக் காசு எங்கே போகிறது? பல வீடுகளில் எழுத்தில் இருக்கும் ஒரே கணக்கு, குழு லோன் அட்டை. தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் ஒரு வரி பிசகாமல் இருக்கும். சாப்பாட்டுச் செலவுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. இருந்தாலும் அது மளிகைக் கடைக்காரரிடம் பற்று நோட்டாக இருக்கும். கடன் கொடுத்தவர் கையிலும், சாமான் கொடுத்தவர் கையிலும் கணக்கு இருக்கிறது; சமைப்பவர் கையில் இல்லை.

குழு லோன் நடைமுறை தெரிந்ததுதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து வாங்குவது, வாரமோ இருவாரமோ மாதமோ ஒரு நாள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிக் கட்டுவது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதனால் டியூ நாளில் வீட்டில் முதல் செலவு அதுவாகிவிடுகிறது. மழை பெய்தால் கரிமூட்டம் நிற்கும், கொத்து வேலை நிற்கும். நூறு நாள் சம்பளம் வங்கிக்கு வரத் தாமதமாகும். டியூ நாள் மட்டும் தள்ளிப்போகாது. மாதம் 15-ம் தேதி வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும், 2023 செப்டம்பரில் அது தொடங்கியபோது பலரும் எதிர்பார்த்ததுபோல் பாலாகவும் பழமாகவும் மாறாமல், இந்த அட்டைக்குள் எளிதாகக் கரைந்துவிடும்.

2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதி, இப்படி ஈடின்றிக் கடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்கிறது. கேட்க நல்ல பாதுகாப்பாகத் தெரியும். இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 2023-24 தேசியக் குடும்பச் செலவு ஆய்வின்படி இந்தியக் கிராமங்களில் மொத்தச் செலவில் உணவின் பங்கு 47.04 சதவீதம். ஏழை வீடுகளில் இது சராசரியைவிடக் கூடும். வருமானம் குறையக் குறையச் சோற்றுப் பங்கு ஏறும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் 1857-லேயே குடும்பக் கணக்குகளை வைத்துக் காட்டிவிட்டார்.

கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். ஆணும் பெண்ணும் உழைத்து ஒரு நல்ல வாரத்தில் 3,500 ரூபாய் கொண்டுவருகிறார்கள். விதிப்படி 1,750 வரை தவணை போகலாம். சாப்பாட்டுக்கு 47 சதவீதம் என்றால் 1,645. மீதி 105 ரூபாய். அதில் பஸ், மருந்து, காஸ் சிலிண்டர், பிள்ளைகளின் நோட்டு, கல்யாணம் காதுகுத்துக்கு மொய். செலவின் பங்கும் வருமானத்தின் பங்கும் ஒன்றல்லதான். ஆனால் கையில் சேமிப்பில்லாத வீட்டில் இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு இருந்துவிடும்? சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே ஒரு வீட்டுச் சட்டியைச் சுரண்டப் போதுமானது. நல்ல வாரத்துக்கே இந்த நிலை.

கடன் இல்லாவிட்டால் ஆடு ஏது, மாடு ஏது, கந்துவட்டிக்காரரிடம்தானே போவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆடு வாங்கிப் பெருக்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆடு குட்டி போட்டுச் சந்தைக்கு வர மாதக்கணக்காகும், முதல் டியூ உடனே வந்துவிடும். அந்த இடைக்காலத்துத் தவணையைக் கட்டுவது சமையலறைதான்.

எது குறைகிறது என்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஞாயிற்றுக்கிழமைக் கறி, கால் கிலோவாகி, குடலாகி, இல்லாமல் போகும். பிறகு வீட்டு முட்டை. பிறகு பால், காலையில் கடுங்காப்பி. பிறகு சந்தைப் பையில் காய். கடைசியாகப் பருப்பு. தட்டிலும் அதே வரிசைதான். உழைத்து வந்தவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டது போகச் சட்டியில் மிஞ்சியது பெண்ணுக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. இந்த எண்ணுக்குக் காரணங்கள் பல. லோன் அட்டையில் பெயர் இருப்பவரும், கடைசியாகச் சாப்பிடுபவரும் ஒரே ஆள் என்பது அவற்றில் இந்த எண்ணுக்குள் தெரியாத ஒன்று.

கடன் வசூலில் அத்துமீறுவதைத் தடுக்க 2025-ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. குழு லோனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூல் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியும் இருக்கிறது. வசூலிப்பவர் எப்படிப் பேச வேண்டும், எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் இப்படி எழுதியாயிற்று. ஒரு வீட்டில் எத்தனை பேர் சாப்பிட வேண்டும், அதற்கு வாரம் எவ்வளவு ஆகும் என்பதைக் கழித்த பிறகே தவணையை நிர்ணயிக்க வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். வாரத் தவணையைக் கூலி கைக்கு வரும் நாளை ஒட்டி மாதத் தவணையாக்குவதும் செய்யக்கூடியதுதான்.

அதுவரை வீட்டுக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூலி வந்த அன்றே அந்த வாரத்துப் பருப்பையும் எண்ணெயையும் முட்டையையும் சாமானாக வாங்கி வைத்துவிடுவது. காசாக இருந்தால் டியூவுக்குப் போய்விடும், பானையில் போட்ட துவரம்பருப்பை யாரும் கேட்க மாட்டார்கள். லோன் அட்டையின் பின்பக்கத்திலேயே அந்த வாரம் எத்தனை நாள் பருப்பு வெந்தது, எத்தனை முட்டை வந்தது என்று குறித்து வைத்தால், அடுத்த லோனுக்குக் கையெழுத்துக் கேட்கும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இப்படிச் சாமானாக வாங்கி வைப்பது முக்கியமாக மே மாதத்துக்கு வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி மூடினால், பிள்ளைக்குப் பத்து வேளை என்று இரண்டு பிள்ளைகளுக்கு வாரம் இருபது வேளையும் பத்து முட்டையும் வீட்டுக் கணக்கில் ஏறும். காட்டில் வேலை இருக்காது, கண்மாய்க் கீரை வெயிலில் காய்ந்திருக்கும். தவணைக்கு விடுமுறை கிடையாது. வீரசோழன் பக்கம் அந்த ஐந்தாறு வாரங்களுக்கான துவரையையும் கானப்பயறையும் தை, மாசி அறுவடைக் கூலி கையில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.