விடுமுறையும் வெறுங்கொப்பியும்

கல்வி பாடசாலை மதிலுக்குள் அடங்குவதன்று என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும் விடுமுறை வந்தவுடன், அம்மதிலுக்குள் நிகழ்வதையே வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவருதலன்றி வேறொரு வழியும் நம்மிற் பலர் காண்பதில்லை. தமிழ்நாட்டாரும் மேனாட்டாரும் கோடை விடுமுறை என ஒன்றைச் சிறப்பித்துக் கூறுவர். நமக்கு வழக்கமாக வாய்த்தவை ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வரும் மூன்று விடுமுறைகளாம். இவற்றுள் ஓகஸ்ட் விடுமுறை, ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையைப் பெரும்பாலும் ஒட்டி வந்தமையால், பல வீடுகளில் ஓய்வு என்னும் பொருளையே இழந்துவிட்டது. பிள்ளை காலையிலே தனியார் கல்வி நிலையத்துக்குச் செல்லும். மாலையிலே பயிற்சி நூலின் புள்ளிக்கோடுகளை நிரப்பும். பரீட்சை எழுதாத தம்பியும் தங்கையுங்கூட இப்பழக்கத்துக்குத் தப்புவதில்லை.

பெற்றோரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அவர்தம் அச்சத்துக்குக் காரணம் உண்டு. நீண்ட விடுமுறையிற் கற்றது மறக்கும் என்பதை ஆசிரியர் அனைவரும் அநுபவத்தால் அறிவர். 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கூப்பர் என்பாரும் அவருடன் உழைத்தோரும் இப்பொருள் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். கோடை விடுமுறை முடிவிற் பிள்ளைகளின் பரீட்சைப் பேறு, சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குக் குறைந்து காணப்பட்டது. கணித்தற் பயிற்சியும் எழுத்துக்கூட்டலுமே பெரிதும் தாக்குண்டன. வாசிப்பிலோ, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சிறிது முன்னேற, வறிய வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினர். பின்வந்த ஆய்வாளர் சிலர், இவ்விழப்பின் அளவு பரீட்சைப் புள்ளிகளைக் கணிக்கும் முறைக்கேற்பப் பெரிதும் மாறுகின்றதெனக் காட்டியுள்ளனர். ஆதலின், இழப்பு எவ்வளவு என்பதிற் கருத்து வேறுபாடுண்டு. எனினும் பயன்படுத்தாத திறன் மழுங்கும் என்பதை மறுப்பார் அரியர்.

இனி, பயிற்சி நூல் இவ்விழப்புக்கு மருந்தாகுமா? வினாவும் பிறருடையது, விடைக்குரிய இடமும் பிறர் அளந்து விட்டது எனில், பிள்ளையின் சிந்தனைக்கு எஞ்சுவது சிறிதே. அதனாலேதான் வேறு சிலர், "நூல்களை மூடிவையுங்கள், பிள்ளை தோட்டத்திலும் சந்தையிலும் தானாகவே கற்றுக்கொள்ளும்" என்கின்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியையும் துணைக்கழைப்பர். இக்கூற்று கேட்பதற்கு இனியது. ஆனால் முழு உண்மையன்று. ஏன் என்பதை இரண்டு ஆய்வுகள் கொண்டு காட்டுவாம்.

முதலாவது, பிரேசில் நாட்டு றெசீஃபே நகரத்தில் நிகழ்ந்தது. 1985ஆம் ஆண்டில் வெளிவந்தது. தெருவோரத்தில் விற்பனை செய்த, ஒன்பது முதற் பதினைந்து வயதுவரையான ஐந்து சிறுவரை ஆய்வாளர் சோதித்தனர். பொருள் வாங்குவார்போல் நின்று வினாவியபோது, சிறுவர் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சரியாகக் கூறினர். அக்கணக்குகளையே வசனக் கணக்காகக் கொடுத்தபோது நூற்றுக்கு எழுபத்துநான்கும், வெறும் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு முப்பத்தேழுமே சரியாயின. ஒரு தேங்காய் 35 குறுசேறோ ஆக, நான்கின் விலை என்ன என்று கேட்கப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன், மூன்று 105 எனத் தொடங்கி, முப்பதைக் கூட்டி, எஞ்சிய ஐந்தையும் சேர்த்து 140 என்றான். அச்சிறுவனே தாளில் 35ஐ நான்காற் பெருக்கி 200 என எழுதினான். முன்கொண்டுபோன இரண்டை மூன்றுடன் முதலிற் கூட்டி, அதன்பின் நான்காற் பெருக்கியமையே தவறு. மனத்திலே பொருள் இருந்தபோது பிழையாத அறிவு, குறியீடு மாத்திரம் நின்றபோது பிழைத்தது.

இரண்டாவது, நம் அயல்நாட்டிலே நிகழ்ந்தது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளரான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் பிறரும், கொல்கத்தா, தில்லி நகரச் சந்தைகளில் வேலைசெய்யும் சிறுவரை ஆராய்ந்து 2025ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியிட்டனர். சிக்கலான கொடுக்கல் வாங்கல்களை மனக்கணக்கால் முடிக்கும் அச்சிறுவர், பாடநூல் வடிவிலமைந்த எளிய கணக்குகளில் இடர்ப்பட்டனர். பாடசாலைக் கணக்கில் மேம்பட்ட பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் இடர்ப்பட்டனர். இரு கரையிலும் அறிவு உண்டு; இடையிலே பாலம் இல்லை.

ஆகவே ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எவ்வளவு உண்மையோ, கறிச் சுரைக்காய் தானாக ஏட்டில் ஏறாது என்பதும் அவ்வளவு உண்மையாம். அதனை ஏற்றுதற்கு வேண்டுவன இரண்டே: ஒன்று, "எப்படிக் கண்டாய்?" என்று வினவும் ஒரு பெரியவர், மற்றொன்று, ஒரு வெறுங்கொப்பி. இவை இரண்டுமே பாலமாகும். அச்சிட்ட வினா ஒன்றுமில்லாத அக்கொப்பியில், பிள்ளை தான் கண்டதையும் எண்ணியதையும் தன் சொல்லாலும் தன் எண்ணாலும் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதுதல் போதும். அதற்கான பொருள் சுன்னாகத்திலே எங்கும் பரந்து கிடக்கின்றது.

சந்தையை முதலிற் கொள்வாம். குடாநாட்டின் பெயர்பெற்ற சந்தைகளுள் ஒன்று நம் ஊரில் உள்ளது. தாயுடன் சென்று வந்த பிள்ளை, வாங்கிய பொருள், நிறை, விலை, மீதிக்காசு என்பவற்றை எழுதுக. கொப்பியின் இடப்பக்கத்தில் மனத்தாற் கணக்கிட்ட வழி. வலப்பக்கத்திற் பாடசாலையிற் கற்ற வழி. இரு விடையும் ஒவ்வாவிடின் பிழை எங்கே எனத் தேடுவதே அன்றைய பாடம். மேல்வகுப்புப் பிள்ளைக்கு வேறொரு கணக்குண்டு. விளைபொருளை நிறுத்தெடுக்கும்போது நூற்றுக்குப் பத்துக் கழிவு என்று கழிப்பது பற்றி யாழ்ப்பாண விவசாயிகள் நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர். ஐம்பது கிலோ வெங்காயம் கொண்டுசென்றவருக்கு நாற்பத்தைந்து கிலோவுக்கே காசு எனில், அவர் இழந்தது எவ்வளவு? பத்து முறை சந்தைக்குச் சென்றால் எவ்வளவு? தன் தகப்பனின் வியர்வையை அளக்கும் வீதக் கணக்கைப் பிள்ளை எளிதில் மறவாது.

அடுத்தது பனை. ஓகஸ்ட் விடுமுறைக் காலம் பனம்பழம் விழுங் காலம். ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டைகள் வரை இருக்கும். பொறுக்கிய பழங்களை எண்ணி, கொட்டைகளையும் எண்ணி, சராசரி காண்க. பனாட்டுக்குக் களி பிழிந்தபின், கொட்டைகளில் நூற்றை எடுத்துப் பாத்தியிட்டு, நாளைக் குறித்து வைக்க. மூன்று நான்கு மாதங்களின் பின் பாத்தி கிண்டும்போது, எத்தனை கிழங்காயின என்பதே முளைத்தல் வீதம். கிழங்கிற் சிலவற்றைக் கிழித்துக் காயவிட்டு ஒடியலாக்கி, காயுமுன்னும் காய்ந்தபின்னும் நிறுத்தால், நீர் எவ்வளவு நீங்கியது என்பதும் விளங்கும். ஒரு விடுமுறையில் எழுதத் தொடங்கிய பக்கம் மற்றொரு விடுமுறையின் பின்னே நிறைவெய்தும். பொறுமையும் ஒரு பாடமன்றோ? மொழிப்பயிற்சிக்கும் பனை உதவும். வடலி, குருத்தோலை, காவோலை, கருக்கு, பன்னாடை, பாளை எனப் பாட்டனார் கூறுஞ் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும் ஒரு படமும் இடுவிக்க. அவ்விளக்கத்தைப் பாட்டனார்க்கே வாசித்துக் காட்டுவித்தால், பிழை திருத்துவாரும் வீட்டிலேயே கிடைப்பர்.

மூன்றாவது கிணறு. வற்றாத ஆறில்லாத நம் குடாநாடு, சுண்ணாம்புக்கல்லின் இடையே தேங்கும் மழைநீரை நம்பியே வாழ்கின்றது. பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, கல் கட்டிய கயிற்றை இறக்கி, கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்துணை ஆழம் என வாரம் ஒருமுறை அளக்கலாம். ஓகஸ்ட் மாதத்திற் குறித்த அளவுகளையும், மாரி பெய்தபின் டிசெம்பரிற் குறித்த அளவுகளையும் வரைபாக வரைந்தால், புவியியல் நூலில் வடகீழ்ப் பருவக்காற்று என்று படித்தது தன் வீட்டுக் கிணற்றிலேயே நிகழ்வதைப் பிள்ளை காணும். 2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுன்னாகப் பகுதிக் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த செய்தி நாடறிந்தது. நீரை அளக்கக் கற்ற பிள்ளை, நீரைக் காக்கவும் ஒருநாட் கற்கும்.

வாசிப்புக்கு நூல் வேண்டும். அந்நூல் பிள்ளை தானே தெரிந்ததாய் இருத்தல் வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அல்லிங்டன் என்பாரும் பிறரும் வறிய வீட்டுச் சிறுவர்க்கு, அவர் தாமே தெரிந்தெடுத்த 12 நூல்களை மூன்று கோடை விடுமுறைகளில் தொடர்ந்து வழங்கினர். நூல் பெற்றவரின் வாசிப்புத் திறன் பெறாதவரிலும் உயர்ந்தது. மிக வறியவர்க்கே நன்மை மிகுதியாயிற்று. இம்முடிவு 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்வளவு நூலை விலைக்கு வாங்கல் எல்லார்க்கும் இயலாது. ஆனால் பொதுநூலகம் நம் ஊரிலேயே உண்டு. அச்சுக்கும் ஏட்டுக்கும் சுன்னாகம் புதிதன்று. தமிழ்ப் புலவர் சரித்திரம் இயற்றிய அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) இவ்வூரினர். நா. பொன்னையா 1930ஆம் ஆண்டில் தொடங்கிய ஈழகேசரி, இவ்வூரிலிருந்தே வெளிவந்தது. அதன் பழைய இதழ்களை இன்று நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திற் காணலாம். தம் ஊரிலே அச்சான பத்திரிகையை வாசிக்கும் சிறுவர்க்கு, எழுத்து என்பது எங்கோ தொலைவிற் பிறப்பதன்று என்னும் துணிவு உண்டாகும்.

இங்ஙனஞ் செய்வார் கைக்கொள்ள வேண்டிய வரம்புகள் சிலவுள. நாளொன்றுக்கு அரைமணிக்கு மேல் வேண்டா. விளையாட்டும் உறக்கமும் பிள்ளையின் உரிமை. கொப்பியிற் சிவப்பு மையும் புள்ளியும் இடற்க. சந்தைக்கும் தோட்டத்துக்கும் செல்வது கற்றற்பொருட்டேயன்றிக் கூலிவேலைக்காகவன்று. எழுத்தறியாத தாயும் இதனைச் செய்விக்கலாம். "எப்படிக் கண்டாய், எனக்குச் சொல்லு" என்று கேட்பதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. புலமைப்பரிசிற் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் ஓரளவு வேண்டும் என்பதையும் மறுக்கிலோம். அதன் பணம் பல குடும்பங்களுக்கு மெய்யான உதவி. ஆனால் பரீட்சைக்குப் பழகுதல் வேறு, கற்றல் வேறு. முன்னது பின்னதன் இடத்தைப் பிடித்தலாகாது.

இறுதியாக, ஆசிரியர்க்கு ஒரு வார்த்தை. விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கும் முதல் வாரத்தில், அக்கொப்பிகளை மாணவர் ஒருவரோடொருவர் மாற்றி வாசிக்க ஒரு பாடவேளையை ஒதுக்குவோமாக. ஒரு பிள்ளையின் கிணற்றளவும் மற்றொன்றின் பனங்கிழங்குக் கணக்கும் கரும்பலகையில் ஏறட்டும். வறிய வீட்டிலிருந்து வந்து பின்வாங்கிலே பேசாதிருக்கும் பிள்ளையே, சந்தைக் கணக்கில் வகுப்புக்கு வழிகாட்டியாய் நிற்றல் கூடும். தான் அறிந்தது அறிவே என்று பாடசாலை ஏற்றுக்கொண்ட அன்றுதொட்டு, அப்பிள்ளைக்குக் கற்றலில் அச்சம் நீங்கும். ஆசிரியராகிய நாம் அவ்வாய்ப்பை அதற்கு அளிப்போமாக.