திருட்டுச் செம்பும் காயலான் கடைத் தராசும்!

கிணற்று மோட்டாரின் ஒயரை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போக அதிக நேரம் ஆகாது. ஆனால், அறுத்த ஒயரை வைத்துக்கொண்டு திருடன் என்ன செய்வான்? அதை எடைபோட்டுக் காசு கொடுக்க ஓர் ஆள் வேண்டும். உலோகத் திருட்டின் உயிர் இருப்பது அந்தத் தராசில்தான்.

பழைய இரும்புக் கடையை நாம் ‘காயலான் கடை’ என்கிறோம். காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பெயர் என்று சொல்வார்கள். ஓட்டை வாளியும் ஓடாத ஃபேனும் இங்கிருந்து உருக்காலைக்குப் போய் மறுபிறவி எடுக்கின்றன. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதைவிட, பழையதை உருக்கினால் சுமார் 95 சதவிகித எரிசக்தி மிச்சம். நாட்டுக்கு நல்லது செய்யும் தொழில் இது. கெட்ட பெயர் வருவது, ‘எங்கிருந்து வந்தது?’ என்று கேட்காத சிலரால்தான்.

செம்பு மேல் ஏன் கண்?

செம்பை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது, விலையும் அதிகம். ஒயரின் பிளாஸ்டிக் உறையை எரித்துவிட்டால், அது யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினம். எரிக்கும்போது கிளம்பும் புகையில் டையாக்சின் போன்ற நச்சுகள் கலந்திருப்பது தனிக் கொடுமை.

திருடனுக்குக் கிடைப்பது எடைக்கான காசு மட்டுமே. விவசாயிக்கோ புது ஒயர் செலவு, எலெக்ட்ரீஷியன் கூலி, அதுவரை தண்ணீரின்றி வாடும் பயிர் என மூன்று நஷ்டம். டிரான்ஸ்ஃபார்மரை உடைத்து உள்ளே இருக்கும் செம்புச் சுருளை எடுத்தால், அந்தப் பகுதியே இருளில் மூழ்கும்.

இந்தக் கணக்கு எவ்வளவு கொடூரமானது என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் உண்டு. சிற்பி ஹென்றி மூர் செய்த 2.1 டன் வெண்கலச் சிலை 2005 டிசம்பரில் திருடுபோனது. அதன் மதிப்பு சுமார் 30 லட்சம் பவுண்டு. அதை வெட்டி, உருக்க விற்றதில் 1,500 பவுண்டுக்கு மேல் கிடைத்திருக்காது என்பது போலீஸின் கணிப்பு.

கடைக்காரருக்கும் சிறை

அதன் பிறகும் அங்கே ரயில்வே கேபிள், தேவாலயக் கூரையின் ஈயத் தகடு என்று திருட்டு தொடர்ந்தது. அரசு தராசின் பக்கம் திரும்பியது. 2013-ல் வந்த சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகம் வாங்க லைசென்ஸ் கட்டாயம். விற்பவரின் பெயர், முகவரியைச் சரிபார்க்க வேண்டும். ரொக்கமாகப் பணம் கொடுக்கக் கூடாது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை. அதையே வழக்கமாகச் செய்தால் 10 ஆண்டுகள் வரை சிறையோ, ஆயுள்தண்டனையோகூடக் கிடைக்கலாம். ரயில்வே பொருள் என்றால் 1966-ம் ஆண்டின் தனிச் சட்டம். 5 ஆண்டுகள் வரை சிறை.

நாம் என்ன செய்யலாம்?

* மோட்டார் ஒயரை வெளியே தெரியும்படி விடாமல், குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைக்கலாம்.

* ஒயர் வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். புகார் கொடுக்கும்போது உதவும்.

* திருடுபோனால் உடனே புகார் கொடுப்பதோடு, பக்கத்துக் காயலான் கடைகளுக்கும் தகவல் சொல்லுங்கள்.

* கடைக்காரர்கள், விற்க வருபவரின் அடையாள அட்டை நகலையும் செல்போன் எண்ணையும் வாங்கி, நோட்டில் எழுதி வைக்கலாம். எரித்த செம்போ, அரசு முத்திரை உள்ள பொருளோ வந்தால், வாங்காமல் போலீஸுக்குச் சொல்வதே பாதுகாப்பு.

வாங்க ஆள் இல்லை என்றால், திருடியதற்கு மதிப்பும் இல்லை!