கோதுமையும் மாவும்: மொத்தமாக வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இலங்கைக்குத் தேவையான கோதுமை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்யப்படுகின்றது. அது திருகோணமலையில் 1980 இல் இயங்கத் தொடங்கிய பிறிமா ஆலை போன்றவற்றில் மாவாக்கப்படுகின்றது. அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் அன்றாட ரொட்டிக்கு இம்மாவே பயன்படுகின்றது. சம்பள நாளில் மூடையாக வாங்கினால் செலவு குறையும். எனினும் அம்மூடை பழுதானதாயின் முழுக் குடும்பமும் பல நாட்கள் அதனையே உண்ண நேரிடும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மாவின் விலை பெரிதும் உயர்ந்தது. இத்தகைய காலங்களில் மலிவான மூடையை ஆராயாது வாங்குதல் ஆபத்தானது.

1. விதைத் தானியம் உணவன்று

விதைக்கும் தானியத்திற்குப் பங்கசுநாசினி பூசி, அடையாளத்திற்காகச் சிவப்பு முதலிய நிறங்களையும் சேர்ப்பர். ஈராக்கில் 1971 – 1972 காலத்தில் இரசச் சேர்வை பூசப்பட்ட விதைக் கோதுமையை மக்கள் ரொட்டியாக்கி உண்டனர். மூடைகளிலிருந்த எச்சரிக்கை அவர்கள் அறியாத மொழிகளில் இருந்தது. சிலர் கழுவினர்; சாயம் நீங்கியது, நஞ்சு நீங்கவில்லை. சிலர் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். உடனே தீங்கு தெரியாததால் தாமும் உண்டனர். நோய்க்குறிகள் வாரக்கணக்கில் பிந்தியே தோன்றின. 6,530 பேர் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டனர். அங்கு 459 பேர் இறந்தனர். நுவரெலியா மரக்கறித் தோட்டங்களுக்கு வரும் விதைகளிலும் பங்கசுநாசினி பூசப்பட்டிருக்கலாம். எஞ்சிய விதையைச் சமைத்தல் கூடாது.

2. பீடைநாசினி கலத்தல்

1958 இல் கேரளத்தில், கப்பலில் பரத்தியன் என்னும் பீடைநாசினியுடன் ஏற்றிவரப்பட்ட கோதுமை மா நஞ்சாகியது. அதனை உண்டவர்களுள் நூறு பேர் வரையில் இறந்தனர். எனவே மருந்து, உரம் என்பவற்றுக்கு அருகில் வைத்த மாவை வாங்கக்கூடாது. உரப்பையில் மாவைக் கட்டவும் கூடாது.

3. ஈரப்பதனும் பங்கசும்

மலைநாட்டின் பனியும் மழையும் மாவை ஈரமாக்கும். ஈரமான மாவில் பங்கசு வளரும். சில பங்கசுகள் ஈரலைப் பாதிக்கும் அபிளாடொக்சின் போன்ற நச்சுக்களை உண்டாக்கும். ரொட்டி சுடும் வெப்பத்தால் இவை முற்றாக அழியா. பங்கசு பிடித்த மாவைச் சலித்துப் பயன்படுத்தலாம் என்பது தவறான எண்ணமாகும்.

வாங்கும்போது
• தையல் பிரியாத, நனையாத மூடையைத் தெரிவுசெய்க.
• உற்பத்தியாளர் பெயர், காலாவதித் திகதி என்பவற்றை வாசிக்க.
• கட்டி, பூஞ்சண மணம், வேற்று நிறம், வண்டு உள்ளதாயின் வாங்காது விடுக.
• கால்நடைத் தீவனத்திற்கென விற்கப்படும் தானியத்தை உணவுக்காக வாங்காதீர்.
• பற்றுச்சீட்டைப் பெறுக. முறைப்பாட்டைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமோ செய்யலாம்.

வீட்டில் வைக்கும்போது
லயன் அறையின் சீமெந்துத் தரையில் மூடையை வைக்காது பலகை மீது, சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். மாவை உலர்ந்த, இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் இடுக. பழைய மாவை முடித்த பின்பே புதியதைத் திறக்க. நாளொன்றுக்கு 1 கிலோகிராம் தேவைப்படும் குடும்பத்திற்கு 25 கிலோகிராம் 25 நாட்களுக்குப் போதும். அதற்கு மேல் சேர்த்து வைத்தால் ஈரத்தால் பழுதாகும் வாய்ப்பு அதிகம்.

மாதிரி வினா
நிறமூட்டிய விதைக் கோதுமையைக் கழுவி உண்ணலாமா? காரணம் தருக.

விடை: உண்ணலாகாது. கழுவுவதால் நிறம் நீங்கினாலும் நஞ்சு தானியத்திலேயே எஞ்சியிருக்கும். உடனடியாக நோய்க்குறி தோன்றாமையும் அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.