பழஞ் சுங்கான் கூறும் கதை

புகையிலைத் தோட்டங்களின் நடுவே வளர்ந்த யாழ்ப்பாணத்தவராகிய நமக்குச் சுருட்டுப் புதிதன்று. சுங்கானோ மேனாட்டார் வழியாக வந்த பொருள். அதனைப் புகைப்போர் இன்று அருகிவிட்டனராயினும், பழஞ் சுங்கான்களைத் தேடித் தொகுப்போர் பல நாடுகளிலும் உளர். பழைய குழாயொன்றில் அப்படியென்ன இன்பம் என வினவுவார்க்கு விடை ஒன்றே: சுங்கான் வாசிக்கத்தக்க ஓர் ஏடு.

முதலில் மண் சுங்கானை நோக்குவோம். இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெண்களிமண்ணாற் சுங்கான் செய்யத் தொடங்கினர். புகையிலை விலையுயர்ந்திருந்த அக்காலத்தில் அதன் கிண்ணம் மிகச் சிறிது. புகையிலை மலிய மலியக் கிண்ணமும் பெருத்தது. ஹரிங்டன் என்னும் அமெரிக்கத் தொல்லியலாளர் 1954இல் மற்றுமோர் உண்மையை வெளியிட்டார். ஓர் அங்குலத்தை 64 கூறாக்கின், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றுள் 8 கூறளவாயிருந்த தண்டின் துளை, படிப்படியாக ஒடுங்கி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 4 கூறாயிற்று என்பதே அது. ஆகவே, குப்பையில் எறிந்த உடைந்த தண்டுகளைக் கொண்டே ஒரு குடியிருப்பின் காலத்தை ஏறக்குறையக் கணித்தல் கூடும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணின் இடத்தை மரம் பற்றிக்கொண்டது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளரும் பிரையர் என்னும் செடியின் வேருக்கும் தண்டுக்கும் இடையே கிழங்குபோற் பருக்கும் கட்டை எளிதில் எரியாது. புகையின் ஈரத்தையும் உறிஞ்சும். அதனை வெட்டிப் பல மணி நேரம் நீரில் அவித்து, மாதக்கணக்கில் உலரவிட்டபின் கடைவர். பிரான்சு நாட்டின் சென் குளோட் என்னும் மலையூர் இத்தொழிலாற் புகழ் பெற்றது. ஆங்கிலச் சுங்கானின் கழுத்தில் வெள்ளிப் பூண் இருப்பின், அதில் நங்கூர முத்திரை பர்மிங்காமையும் சிறுத்தைத் தலை இலண்டனையும் குறிக்கும். அருகிலுள்ள ஓரெழுத்து ஆண்டினை உரைக்கும். 1907இல் இலண்டனிற் கடை திறந்த ஆல்பிரட் டன்ஹில்லின் சுங்கான்களை வாய்முனையிலுள்ள வெண்புள்ளியால் அறியலாம். வாய்முனை கந்தகஞ் சேர்த்துக் கடினமாக்கிய இறப்பராயின், நெடுநாள் ஒளி பட்டுக் கருமை நீங்கிப் பழுப்பேறியிருக்கும்.

சுங்கானில் இடும் கலவையும் ஒரு கலையே. விர்ஜீனியா இலை இயல்பாகவே இனிப்புடையது. பெரும்பாலும் அதுவே அடிப்படை. அமெரிக்காவின் லூசியானாவிற் சென் ஜேம்ஸ் பகுதியில், பீப்பாய்களில் அழுத்தித் தன் சாற்றிலேயே புளிக்கவைக்கும் பெரிக் இலை மிளகுக் காரமுடையது. கறிக்குச் சரக்கிடுவதுபோலச் சிறிதே சேர்ப்பர். லற்றாக்கியா என்பது சிரியாவின் துறைமுக நகரொன்றால் வந்த பெயர். இன்று சந்தைக்கு வருவது பெரும்பாலும் சைப்பிரசில் விளைவது. நறுமண விறகினதும் செடிகளினதும் புகையூட்டிக் கருமையாக்கிய இலை அது. நம்மூர்க் குடில்களிற் பொச்சுமட்டையாற் புகைபோடுவதைக் கண்டவர்க்கு அம்முறை எளிதில் விளங்கும்.

எனக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் சுங்கான், அவர் மறைவுக்குப்பின் என் கைக்கு வந்தது. மாலை வேளைகளில் வீட்டு விறாந்தையிலமர்ந்து அதனை இடது கடைவாயிற் கௌவியபடி அவர் எங்கள் கட்டுரைகளைத் திருத்துவார். வாய்முனையில் ஆழப் பதிந்த பற்குழிகள் இன்றும் உள. அவர் கீழுதட்டின் இடப்பக்கத்திலேதான் ஆறாத புண்ணொன்று தோன்றியது. அது புற்றுநோய் என்று பின்னர் தெரிந்தது.

“புகையை உள்ளிழுப்பதில்லை, ஆதலால் தீங்கில்லை” என்று அவரும் கூறியதுண்டு. சுங்கான் புகைத்தல் உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணமென அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964இலேயே உறுதிப்படுத்தியது. வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றையும் அது தாக்குமென்பது இன்று தெளிவு.

அச்சுங்கானைத் துடைத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்குந்தோறும் செய்தவன் கைத்திறனும் ஆசிரியர் முகமும் நினைவில் எழுகின்றன. அதில் மீண்டும் தீயிட மனம் இசையவில்லை. பழஞ் சுங்கானைக் கையிலெடுக்கும் மாணவ இளைஞர்க்கு நான் கூறுவதும் அதுவே: அதனைக் கண்ணாற் படித்து மகிழ்க, வாயில் வையற்க.