மன்னார்க் கரையும் நுளம்பு வழிப் பரவும் புதுநோய்களும்

மன்னார்த் தீவுக்குச் செல்வோர் பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பெருக்கமரத்தைக் காணாது மீள்வது அரிது. ஆபிரிக்காவுக்குரிய அம்மரமும், தீவின் தெருக்களில் உரியவரின்றித் திரியும் கழுதைகளும் அராபிய வணிகரின் மரக்கலங்களில் வந்தவை என்பது வழிவழி வழங்கும் செய்தி. அதே கிழக்காபிரிக்கக் கரையிலிருந்து வேறொன்றும், எவரும் ஏற்றி வராமலே, இங்கு வந்து சேர்ந்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, புத்தளம் முதலிய இடங்களில் மக்களை மூட்டுநோவினால் முடக்கிய சிக்குன்குனியாக் காய்ச்சலே அது.

இந்நோயை உண்டாக்கும் வைரசு, அன்று தங்கனீக்கா என வழங்கிய இன்றைய தன்சானியாவின் மக்கொண்டே மேட்டுநிலத்தில் 1952–53இல் பரவிய காய்ச்சலின்போது முதன்முதலில் இனங்காணப்பட்டது. நோயாளியின் உடல் வளைந்து ஒடுங்குவதைக் குறிக்கும் அம்மக்களின் சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. ஆபிரிக்கக் காடுகளில் அவ்வைரசு குரங்குகளுக்கும் மரப்பொந்து நீரில் வளரும் நுளம்புகளுக்கும் இடையே சுழன்று வாழ்வது. காட்டோரத்தில் மனிதர் குடியேறுங்கால் அச்சுழற்சியின் கிளையொன்று பிரிந்து ஊருக்குள் நுழைகின்றது. நுழைந்தபின் அதற்குக் குரங்கு வேண்டியதில்லை. மனிதனும் வீட்டு நுளம்புமே போதும். 1964இல் சென்னையைப் பெரிதும் வருத்திய இந்நோய், எழுபதுகளின் பின் இப்பகுதியில் நெடுங்காலம் ஓய்ந்திருந்தது. 2004இல் கெனியாவின் லாமுத் தீவில் தலையெடுத்த புதிய அலையோ இந்துமாக்கடலின் தீவுகளைக் கடந்து, 2005–06இல் றியூனியன் தீவின் மக்களில் மூன்றிலொரு பங்கினரைப் பற்றி, இந்தியாவையும் இலங்கையையும் அடைந்தது.

றியூனியனில் நிகழ்ந்த ஒரு மாற்றம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வைரசின் உறைப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியது. அம்மாற்றத்தால், வீட்டினுள் வாழும் ஈடிஸ் எஜிப்டி நுளம்பை மட்டுமன்றி, தோட்டத்திலும் சிரட்டையிலும் வாழும் ஈடிஸ் அல்போபிக்டஸ் நுளம்பையும் அது எளிதிற் பற்றிக்கொண்டது. 2007இல் கேரளத்தின் தோட்டப் பகுதிகளிலும் அதே மாற்றம் காணப்பட்டது.

நுளம்பை ஊசிக்கு ஒப்பிடுதல் வழக்கமெனினும், அது பொருந்தா உவமையாகும். முட்டைகளை வளர்க்கப் பெண் நுளம்பு குடிக்கும் குருதியோடு உட்செல்லும் வைரசு, முதலில் அதன் குடற்சுவரைத் தொற்ற வேண்டும். அங்குப் பெருகி, உடற்குழியைக் கடந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். டெங்கு வைரசுக்கு இப்பயணம் ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு நாள் எடுக்கும். அதற்குமுன் நுளம்பு இறப்பின் நோயும் அதனுடன் இறக்கும். எனவே நுளம்பின் ஆயுளைச் சில நாள் குறைப்பதும் பெரும் பயன் தருவதாகும்.

எல்லா வைரசும் மனிதனை நாடி வருவன அல்ல. யப்பானிய மூளையழற்சி நோயின் வைரசு கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளில் வாழ்ந்து, பன்றிகளிற் பெருகி, வயல்நீரில் வளரும் கியூலெக்ஸ் நுளம்பினால் பரவுகின்றது. மனிதக் குருதியில் அது வேறொரு நுளம்பைத் தொற்றுமளவு பெருகுவதில்லை. ஆதலின் மனிதன் அதற்கு முட்டுச்சந்தே. ஆயினும் அம்முட்டுச்சந்தில் சிக்குண்டோர் பலர் உயிரிழந்தனர். உயிர் தப்பியோரிலும் பலர் ஊனமுற்றனர். 1985–86இல் அனுராதபுரத்திலும் புத்தளம், சிலாபம் பகுதிகளிலும் இதனையே கண்டோம் என அந்நாளைய மருத்துவர்கள் கூறக்கூடும். மன்னார்ப் பெருநிலத்தில் கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களிற் கொக்குகளுக்குக் குறைவில்லை. அவ்வயலருகே பன்றிப்பட்டியும் அமையுமாயின் சுழற்சி முற்றுப்பெறும். தடுப்பூசி பிள்ளைகளைக் காக்கும். பறவையிலிருந்து வைரசை அகற்றாது.

கரையோர மக்களுக்கு மிக நெருங்கிய செய்தி உவர்நீர் பற்றியது. ஈடிஸ் நுளம்பு நன்னீரிலேயே முட்டையிடும் என்பது நெடுங்காலக் கொள்கை. டெங்குத் தடுப்பு முயற்சிகளும் அதனையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரேந்திரன், அறிவியலாளர் இரஞ்சன் இராமசாமி ஆகியோரும் அவர்தம் துணைவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இக்கொள்கையை அசைத்தது. கைவிடப்பட்ட மீன்பிடிப் படகுகளிலும், பயன்படாக் கிணறுகளிலும், கரையில் எறியப்பட்ட போத்தல்களிலும் தேங்கிய உவர்நீரில், ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு உப்புவரை தாங்கி, இரண்டு ஈடிஸ் இனங்களின் குடம்பிகளும் வளர்ந்திருந்தன. கடல்நீரின் உப்பு ஏறக்குறைய முப்பத்தைந்து பங்கு என்பதை நினைவிற்கொண்டால், இது எத்துணை வியப்பென விளங்கும். உப்புநீர்தானே என்று எவரும் கவிழ்க்காத படகுகள் மன்னாரிலும் பல. கடல்மட்டம் உயர உயரக் கரையோரக் கிணறுகள் மேலும் உவர்க்கும். உவர்த்த கிணற்றைக் கைவிடுவோர் அதனை மூடுவதும் இல்லை.

இன்னொரு வரவும் உண்டு. 2016 செத்தெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று. 1934–35இல் எண்பதினாயிரம் வரையிலானோரை மாய்த்த நோயை வென்ற நாட்டுக்கு அது தகுந்த பெருமையே. அதே ஆண்டு திசெம்பரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னார்த் தீவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அது வைரசைச் சுமப்பதற்கன்றி மலேரியாவின் ஒட்டுண்ணியைச் சுமப்பதற்கே பேர்பெற்றது. எனினும் பாக்கு நீரிணை நுளம்புக்கு அரணன்று என்பதற்கு அதனிலும் தெளிந்த சான்று வேண்டா. கிணற்றையும் நீர்த்தொட்டியையும் நாடும் இயல்புடைய அந்நுளம்பு, கோடையில் நீரைச் சேமித்தே வாழும் தீவினரின் வீட்டு முற்றத்திலேயே தனக்கு வேண்டியதனைத்தையும் பெறுகின்றது. மலேரியா எதிர்ப்பு இயக்கத்தினர் கிணறுகளில் குடம்பியுண்ணும் மீன்களை இடுவதும் மருந்து தெளிப்பதும் இதன் பொருட்டே. 2018இல் அது யாழ்ப்பாண நகரிலும் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.