புகைக்கு விலை, பணத்துக்கு முகவரி

கலிஃபோர்னியாவில் வசிக்கும் வாசகர்களுக்குப் பழைய மின்கட்டண ரசீதுகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் இருந்தால், ஏதாவது ஓர் ஏப்ரல் மாத ரசீதை எடுத்துப் பாருங்கள். 'கலிஃபோர்னியா பருவநிலை வரவு' என்ற பெயரில் ஒரு சிறு தொகை கழிக்கப்பட்டிருக்கும். 2014-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஏப்ரலிலும் அக்டோபரிலுமாக இது வந்துகொண்டிருந்தது. மின் நிறுவனம் ஏதோ தாராள மனதோடு தள்ளுபடி தருகிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது புகையை ஏலம் விட்டு வந்த பணத்தில் நமக்கு வந்த பங்கு. ஒரே மின் நிறுவனத்தின் கீழ் வரும் வீடுகளுக்கெல்லாம் ஒரே தொகை. குன்றின் மேல் நீச்சல் குளத்தோடு வீடு கட்டியிருப்பவருக்கும் அதேதான், திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிப்பவருக்கும் அதேதான்.

அந்த ஏலப் பணத்தின் இன்னொரு கிளை மாநில அரசின் நிதிக்குப் போகிறது. அது யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதில் பல ஆண்டுகளாக ஓர் இழுபறி நடந்து வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர் கையெழுத்திட்ட ஏபி 32 என்ற சட்டம், 2020-க்குள் மாநிலத்தின் கரியமில வாயு உள்ளிட்ட வெப்ப வாயுக்களை 1990-ல் இருந்த அளவுக்கு இறக்க வேண்டும் என்றது. அதற்கான கருவிகளில் ஒன்று உச்சவரம்பு வணிகம். மாநிலம் மொத்தமாக இவ்வளவுதான் புகை விடலாம் என்று ஒரு வரம்பு கட்டி, ஒரு டன்னுக்கு ஓர் அனுமதிச் சீட்டு என்று அச்சடித்து, ஆண்டுதோறும் சீட்டுகளைக் குறைத்துக்கொண்டே போவார்கள். ஆலைகளுக்குக் கொஞ்சம் இலவசமாகக் கிடைக்கும். மற்றவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏலத்துக்கு வரும். 2012 நவம்பரில் நடந்த முதல் ஏலத்தில் ஒரு சீட்டு 10 டாலர் 9 சென்ட்டுக்குப் போயிற்று. 2024 பிப்ரவரியில் 41 டாலரைத் தாண்டியது. 2015 முதல் பெட்ரோலும் கணக்கில் சேர்ந்துவிட்டதால், நாம் காருக்கு எண்ணெய் போடும்போதெல்லாம் அந்தச் சீட்டின் விலையில் ஒரு துளி நம் பையிலிருந்தும் போகிறது.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது அழகான ஏற்பாடு. கரியமில வாயு எங்கே வெளியேறினாலும் வானத்துக்கு ஒன்றுதான். ஆகவே எங்கே குறைப்பது மலிவோ அங்கே குறைத்தால் போதும். ஆனால் புகைபோக்கியிலிருந்து கரியமில வாயு தனியாக வருவதில்லை. நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடவே வருகின்றன. அவை வானத்துக்குப் போகுமுன் பக்கத்துத் தெருவுக்குப் போகின்றன. ரிச்மண்டிலும் வில்மிங்டனிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழும் மக்கள் கேட்டது எளிய கேள்வி: ஆலைக்காரர் சீட்டு வாங்கிக்கொண்டு பழையபடி புகை விட்டால், எங்கள் பிள்ளைகளின் இளைப்புக்கு யார் பதில் சொல்வது?

2009-ல் சில அமைப்புகள் மாநிலக் காற்று வள வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்தன. வழக்கின் முதல் வாதி, சான் வாக்கின் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஓர் அமைப்பு. அதன் பெயர் 'எரிச்சலுற்ற குடியிருப்போர் சங்கம்'. நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, பதிவு பெற்ற பெயரே அதுதான். ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'காற்று' என்ற பொருளில் 'ஏர்' என்று வரும். 2011-ல் நீதிபதி, மாற்று வழிகளை வாரியம் போதுமான அளவு ஆராயவில்லை என்று சொன்னார். வாரியம் மறுபடி ஆராய்ந்து எழுதிவிட்டு, அதே வழியில் தொடர்ந்தது.

வணிகத்தைத் தடுக்க முடியாதென்று ஆனபின், அதில் வரும் பணத்தின் மீது கவனம் திரும்பியது. கெவின் டி லியோன் கொண்டுவந்த எஸ்பி 535 சட்டம் 2012-ல் நிறைவேறியது. ஏல நிதியில் குறைந்தது 25 சதவீதம் பின்தங்கிய பகுதிகளுக்குப் 'பயன்பட' வேண்டும், 10 சதவீதம் அந்தப் பகுதிகளுக்கு 'உள்ளேயே' செலவாக வேண்டும் என்றது சட்டம். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே இருக்கிற தூரம் பெரியது. ஊருக்கு வெளியே ஓடும் ஒரு மின்சாரப் பேருந்து ஊருக்குப் பயன்படுகிறதா? பக்கத்து ஊர் சரக்குக் கிடங்குக்கு வரும் சுத்தமான லாரி? எழுதுகிறவர் மனம் வைத்தால் எதையும் பயன் என்று எழுதிவிடலாம். ஆகவே 2016-ல் ஏபி 1550 வந்து, 25 சதவீதமும் பகுதிக்கு உள்ளேயே செலவாக வேண்டும் என்று இறுக்கியது. வருமானம் குறைந்த மற்றக் குடும்பங்களுக்கு மேலும் 10 சதவீதம்.

சரி, பின்தங்கிய பகுதி எது? இதற்குத்தான் ஒரு வரைபடம் செய்தார்கள். கால்என்விரோஸ்கிரீன் என்று பெயர். மாநிலத்தைச் சுமார் 8000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டங்களாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் போடுகிறது. ஒன்று மாசு: ஓசோன், நுண்துகள், டீசல் புகை, பூச்சிமருந்து, குடிநீரில் கலந்த நஞ்சு, போக்குவரத்து, அபாயக் கழிவு போன்றவை. மற்றொன்று மக்கள்: ஆஸ்துமா, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள், வறுமை, வேலையின்மை, படிப்பு, வீட்டில் ஒருவருக்கும் சரியாக ஆங்கிலம் வராத நிலை. இரண்டையும் கூட்டாமல் பெருக்குகிறார்கள். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே புகை, நல்ல மருத்துவக் காப்பீடும் காற்றுச் சுத்திகரிப்பானும் உள்ள வீட்டில் செய்கிற கெடுதலும், ஜன்னல் சாத்தாத வாடகை அறையில் செய்கிற கெடுதலும் ஒன்றல்லவே. ஒரு சுமை மற்றொன்றைப் பெருக்குகிறது என்ற அனுபவத்தைக் கணக்காக்கியிருக்கிறார்கள்.

இந்த வரைபடத்தில் இல்லாத ஒன்றும் கவனிக்கத்தக்கது. 2013-ல் வந்த முதல் வடிவில் இனமும் ஓர் அளவுகோலாக இருந்தது. அதே ஆண்டு திருத்தி வெளியிட்டபோது அதை எடுத்துவிட்டார்கள். அரசு வேலை, கல்வி, ஒப்பந்தங்களில் இனத்தை வைத்து முன்னுரிமை தரக்கூடாது என்று 1996-லேயே கலிஃபோர்னிய வாக்காளர்கள் தீர்மானித்திருந்ததால், இனத்தைச் சேர்த்தால் அரசு அலுவலகங்கள் வரைபடத்தைப் பயன்படுத்துவதில் சிக்கல் வரலாம் என்ற எச்சரிக்கை. இனத்தை எடுத்த பிறகும் வரைபடத்தின் சிவந்த பகுதிகளில் வாழ்பவர்கள் பெரும்பாலும் லத்தீனோக்களும் கறுப்பினத்தவரும்தான். பழங்குடி நிலங்கள் இந்தப் பட்டியலில் வர 2022 ஆயிற்று. எங்கள் வளைகுடாப் பகுதியிலும் முணுமுணுப்பு உண்டு: வாடகையில் நொறுங்கும் ஏழைகள் வரைபடத்தில் தெரிவதில்லை என்று. 2017-ல் வீட்டுச் செலவின் பாரத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தார்கள். எப்படி வரைந்தாலும், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தெரு, அந்தப் பக்கம் ஒரு தெரு என்பது மாறாது.

யோசெமிட்டிக்கோ செகோயா மரங்களைக் காணவோ போகிற வழியில் ஃப்ரெஸ்னோவில் இறங்கி எண்ணெய் போட்டுக் காப்பி குடித்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். அந்த ஊரில் ரயில் பாதைக்குத் தென்மேற்கே ஒரு பகுதி இருக்கிறது. யாருக்கெல்லாம் விற்கக்கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்த காலத்தில், வேறெங்கும் வீடு வாங்க முடியாதவர்கள் குடியேறிய இடம். பிறகு நெடுஞ்சாலை வந்தது, தொழிற்கூடங்கள் வந்தன. ஏல நிதியிலிருந்து ஒரே ஊருக்குப் பெருந்தொகையாகக் கொடுத்துப் பார்க்கும் திட்டத்தை 2016-ல் மாநிலம் தொடங்கியபோது, ஃப்ரெஸ்னோவுக்கு 6 கோடியே 65 லட்சம் டாலர் கிடைத்தது. அதிவேக ரயில் நிலையம் வரப்போகும் நகர மையத்துக்கே பணம் முழுதும் போய்விடும் என்று தென்மேற்குப் பகுதியினர் பயந்தார்கள். கூட்டங்களுக்குத் திரண்டு வந்து வாதாடினார்கள். கடைசியில் எந்தெந்தத் திட்டங்களுக்குப் பணம் என்பதைக் குடியிருப்பவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். சைனா டவுனில் குறைந்த வாடகைக் குடியிருப்பு, மரங்கள், வீட்டுக்கூரைகளில் சூரியத் தகடுகள், தென்மேற்கில் சமுதாயக் கல்லூரியின் கிளை வளாகம் என்று போகிறது பட்டியல். கல்லூரிக்கும் கரியமில வாயுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பக்கத்தில் கல்லூரி இருந்தால் ஊர் தாண்டிப் போகும் பயணம் குறையும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அந்த மக்கள் அந்தக் கணக்குக்காக வாக்களித்தார்கள் என்று நான் நம்பவில்லை.

குடிநீர் விஷயம் இன்னும் வெளிப்படையானது. 2019 வாக்கில் மாநிலத்தில் சுமார் 10 லட்சம் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லாதிருந்தது. பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் கிணற்று நீரில் உரத்தின் நைட்ரேட் கலந்திருக்கிறது. 2019-ல் எஸ்பி 200 சட்டம் இந்த ஏல நிதியிலிருந்து ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை குடிநீருக்கு ஒதுக்கியது. ஆளுநர் நியூசம் அதில் கையெழுத்திட்ட இடம் ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் டூம்ஸ்டோன் டெரிட்டரி என்ற குடியிருப்பு. கல்லறைக்கல் என்று பொருள்படும் ஊரில் குடிநீர்ச் சட்டம்! புகைப் பணத்தைத் தண்ணீருக்குத் திருப்புவது முறையா என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் வேறெந்தப் பணமும் அத்தனை ஆண்டுகளாக அந்த ஊர்களுக்கு வந்திருக்கவில்லை.

முதல் கேள்வி என்னாயிற்று, அந்தப் பக்கத்துத் தெருப் புகை? லாரா குஷிங்கும் சக ஆய்வாளர்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, வணிகம் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட ஆலைகளில் உமிழ்வு உயர்ந்தது என்றும், அவற்றைச் சுற்றி ஏழைகளும் சிறுபான்மையினரும் அதிகம் என்றும் காட்டியது. 2023-ல் ஹெர்னாண்டஸ் கோர்டெஸ், மெங் இருவரும் வேறு முறையில் கணக்கிட்டு, பின்தங்கிய பகுதிகளுக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான மாசு இடைவெளி வணிகத்துக்குப் பின் சுருங்கியிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டும் மதிக்கத்தக்க ஆய்வுகள். ஒப்பிட்ட காலமும் முறையும் வேறு. 2017-ல் திட்டத்தை 2030 வரை நீட்டித்தபோது, தெருவளவில் காற்றை அளக்கவும் சுத்தம் செய்யவும் ஏபி 617 என்ற தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதே, வணிகம் மட்டும் போதவில்லை என்பதற்குச் சாட்சி.

2025 செப்டம்பரில் திட்டம் 2045 வரை நீண்டது. பெயரையும் மாற்றி 'வணிகம்' இருந்த இடத்தில் 'முதலீடு' என்று போட்டார்கள். பணத்தைப் பிரிக்கும் முறையும் மாறியது. முன்பு பல திட்டங்களுக்குச் சதவீதம் இருந்தது. இப்போது வரிசை இருக்கிறது. நிர்வாகச் செலவு போன்றவை முதலில். அடுத்து அதிவேக ரயிலுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர், சட்டமன்றம் தன் விருப்பப்படி ஒதுக்க இன்னொரு 100 கோடி. அதன் பிறகுதான் குறைந்த வாடகை வீடுகளுக்கு 80 கோடி, பேருந்து ரயில்களுக்கு, தெருக்காற்றுக்கு 25 கோடி, குடிநீருக்கு அதே 13 கோடி. ஏலத்தில் பணம் குறைந்தால் இந்த மூன்றாம் வரிசைக்காரர்கள் எல்லோருக்கும் அதே விகிதத்தில் வெட்டு விழும். 2025 மே மாத ஏலத்தில் சீட்டுகள் முழுதும் விற்கவில்லை. விற்றவையும் அடிமட்ட விலையான 25 டாலர் 87 சென்ட்டுக்கே போயின. ஏல முடிவு ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு வாரத்தில் வெளிவரும். முன்பெல்லாம் அதைத் தேடிப் படித்தவர்கள் ஆலைக்காரர்களும் தரகர்களும்தான்.