நாய்வண்டிக்குப் பின்னால் ஓடியவர்கள்

சம்பளம் கிடையாது. கப்பல் கட்டணமும் பெரும்பாலும் அவரவர் கைக்காசு. சாப்பாடும் படுக்க இடமும் உண்டு. என்ன வேலை என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரியும். பல்கலைக்கழகத்தில் படித்தவர் சாக்கடைக் குழி வெட்ட வேண்டியிருக்கலாம். பணக்கார வீட்டுப் பிள்ளை நிலக்கரி மூட்டை சுமக்க வேண்டியிருக்கலாம். இதற்கெல்லாம் சம்மதித்து, 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் யேல், ஹார்வர்டு மாணவர்கள் கோடைதோறும் லாப்ரடாருக்குக் கப்பலேறினார்கள்.

லாப்ரடார் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நாய். அந்த நாய்க்கும் இந்த நிலத்துக்கும் பெயரளவில்தான் உறவு. அதன் பூர்வீகம் பக்கத்துத் தீவான நியூஃபவுண்ட்லாந்து. லாப்ரடார் கனடாப் பெருநிலப்பரப்பின் கிழக்குக் கோடி. கரை நெடுகப் பாறைகள், உள்ளே நீண்டு நுழையும் விரிகுடாக்கள், ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் உறைந்து கிடக்கும் கடல். இனுயிட், இன்னு மக்களோடு ஐரோப்பிய மீனவர், வேட்டைக்காரர் வழிவந்த குடும்பங்களும் அங்கே உண்டு. 1892-இல் வில்ஃப்ரட் கிரென்ஃபெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தக் கரைக்கு வந்தபோது, பெயருக்குக்கூட அங்கே ஒரு மருத்துவமனை இல்லை. அந்த ஒரு கோடையில் மட்டும் சுமார் 900 நோயாளிகளைப் பார்த்தார். அடுத்த ஆண்டு பேட்டில் ஹார்பரில் முதல் மருத்துவமனை எழுந்தது. பிறகு இண்டியன் ஹார்பர், நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஆண்டனி, நார்த் வெஸ்ட் ரிவர் என்று வரிசையாக வந்தன. கட்டடம் கட்ட ஆள் வேண்டும், பாடம் நடத்த ஆள் வேண்டும், காசு இல்லை. தொண்டர்கள் வந்தது அப்படித்தான்.

பெரும்பாலானவர்கள் கோடை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். கடல் உறைவதற்கு முன் புறப்படும் கடைசிக் கப்பலை விட்டுவிட்டுத் தங்கியவர்கள்தான் லாப்ரடாரைப் பார்த்தவர்கள். எலியட் மெரிக் அப்படி ஒருவர். நியூ ஜெர்சிக்காரர், யேல் பட்டதாரி. ஒரு பெரிய கம்பெனியின் விளம்பர வேலையை உதறிவிட்டு 1929-இல் தொண்டராக வந்தார். நார்த் வெஸ்ட் ரிவர் பள்ளியில் ஆசிரியரானார். கேட் ஆஸ்டின் என்ற ஆஸ்திரேலிய நர்ஸை அங்கேயே மணந்துகொண்டார். இருவரும் வேட்டைக்காரர்களோடு சேர்ந்து படகிலும், மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிய பனிமிதியடியிலும் உள்நாட்டுக் காட்டுக்குள் போய் வந்தார்கள். அந்தப் பயணத்தைத்தான் பின்னர் ‘ட்ரூ நார்த்’ என்ற புத்தகமாக எழுதினார். தொண்டர்கள் எழுதிய புத்தகங்களில் பெரும்பாலானவை ‘நான் இவர்களுக்கு என்ன செய்தேன்’ என்று கணக்குக் காட்டுபவை. மெரிக்கிடம் அந்தக் கணக்கு குறைவு. பனியில் நடக்கத் தெரியாத ஒருவன், தெரிந்தவர்கள் பின்னால் நடந்து கற்றுக்கொண்ட கதையாகவே அது இருக்கிறது. அதனாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை.

குளிர்காலத்தில் அன்றாடம் என்பது விறகும் தண்ணீரும்தான். பனிக்கட்டியில் வெட்டிய துளை இரவில் மூடிக்கொள்ளும். காலையில் கோடரியால் மறுபடி உடைத்து வாளியில் மொண்டு வர வேண்டும். மரம் வெட்டுவது ஒரு நாள் வேலை, அதை நாய்களைப் பூட்டி இழுத்து வருவது இன்னொரு நாள் வேலை. தபால் நாய்வண்டியில் வந்தால் உண்டு. நன்கொடையாக வந்த பெட்டிகளைப் பிரித்துத் தரம் பார்ப்பதும் ஒரு வேலை. அவற்றில் அமெரிக்கப் பெண்கள் அனுப்பிய கிழிந்த பட்டுக் காலுறைகள் மூட்டை மூட்டையாக இருக்கும். அவற்றைக் கீற்றுகளாக வெட்டிச் சாயம் ஏற்றி, சாக்குத் துணியில் கொக்கியால் கோத்து, கடலும் நாய்வண்டியும் பனிமலையும் தெரியும் விரிப்புகளாக உள்ளூர்ப் பெண்கள் செய்தார்கள். கையில் ரொக்கத்தையே பார்க்காமல், மீனைக் கொடுத்து வணிகரிடம் மாவும் உப்பும் கடனாக வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த விரிப்புதான் சொந்தக் காசு. இன்று அவை ஏலக் கடைகளில் பெரிய விலைக்குப் போகின்றன.

வெளியே இருப்பவர்கள் குளிர்காலம் என்றால் முடங்கிக் கிடக்கும் காலம் என்று நினைப்பார்கள். லாப்ரடாரில் அது நேரெதிர். கோடையில் பாறையும் சதுப்பும் கொசுவும் வழி மறிக்கும். கடல் உறைந்தால்தான் சாலை பிறக்கும். உறவினர் வீட்டுக்குப் போவது, பெண் பார்ப்பது, நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுவருவது எல்லாம் அப்போதுதான். ஹாரி பேடன் என்ற மருத்துவர் 1912-இல் வந்து, அடுத்தடுத்த குளிர்காலங்களில் கரை நெடுக நாய்வண்டியில் சுற்றினார். நோயாளி மருத்துவரைத் தேடி வர முடியாத இடத்தில் மருத்துவர்தான் போக வேண்டும்.

அந்த வண்டிக்குப் பெயர் கோமட்டிக். இரண்டு நீண்ட மரச் சறுக்குகள், குறுக்கே வரிசையாகச் சட்டங்கள். ஆணி கிடையாது. சட்டங்களைச் சீல் என்ற கடல் விலங்கின் தோல்வாரால் கட்டியிருப்பார்கள். கரடுமுரடான பனிக்கட்டி மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டி நெளிந்து கொடுக்க வேண்டும். ஆணியடித்தது கடுங்குளிரில் பட்டென்று விட்டுவிடும். நாய்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பூட்டப்படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். தலைமை நாயின் வார்தான் மிக நீளம். விசிறி விரித்தாற்போல் அவை ஓடும். ஓடும்போது இடம் மாறி மாறி வார்களில் சிக்கு விழும். வண்டிக்காரர் அவ்வப்போது நிறுத்தி, கையுறையைக் கழற்றி, உறைந்த தோல்வாரை விரலால் அவிழ்க்க வேண்டும். இரவில் வார்களை உயரத்தில் தொங்கவிடாவிட்டால் நாய்களே அவற்றைத் தின்றுவிடும். சீல் தோல்தானே, அவற்றுக்குச் சாப்பாடு.

தொண்டர் இந்த வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து போனார் என்று நினைக்கக் கூடாது. மேட்டில் தள்ள வேண்டும், சரிவில் இழுத்துப் பிடிக்க வேண்டும், மற்ற நேரத்தில் கூடவே ஓட வேண்டும். உட்கார்ந்தால் குளிர் பிடித்துக்கொள்ளும், அதிகம் ஓடினால் வேர்க்கும். வேர்வை உறைவது அதைவிட ஆபத்து. காற்றை மறித்து வேர்வையை மட்டும் வெளியே விடும் நெருக்கமான பருத்தித் துணி ஒன்றை 1923-இல் இங்கிலாந்தின் பர்ன்லியில் நெய்தார்கள். அதற்கு வைத்த பெயரே கிரென்ஃபெல் துணி. வழியில் பச்சை மரக்கட்டைகளைப் பனியின்மேல் பரப்பி, அதன்மேல் தீ மூட்டித் தேநீர் கொதிக்க வைப்பார்கள். சாதாரண ரொட்டி கல்லாகிவிடும் என்பதால், பன்றிக் கொழுப்புத் துண்டுகளை மாவுக்குள் வைத்துச் சுட்ட பன்னை எடுத்துப் போவார்கள். இருட்டினால் கண்ணில் பட்ட முதல் வீடு தங்கும் வீடு. கதவைத் தட்டிக் கேட்பது வழக்கமில்லை. உள்ளே போனால் கெண்டி அடுப்பில் ஏறும், தரையில் படுக்கை விரியும். அந்த வீட்டிலும் மாவுப் பீப்பாயின் அடி தெரிந்துகொண்டிருக்கும் என்பது தொண்டருக்குக் காலையில்தான் புரியும்.

1908 ஏப்ரலில் கிரென்ஃபெல்லுக்கு நடந்தது உலகறிந்த கதை. தொடை எலும்பு சீழ் பிடித்த ஓர் இளைஞனைப் பார்க்கப் போகும் அவசரத்தில், ஹேர் பே என்ற விரிகுடாவின் உடைந்துகொண்டிருந்த பனிக்கட்டி மேல் குறுக்கு வழியில் போனார். வண்டி மூழ்கியது. ஒரு பனித்தட்டில் ஏறிக்கொண்டார். அது கடலை நோக்கி நகர்ந்தது. மூடி, வாட்ச், ஸ்பை என்ற மூன்று நாய்களைக் கொன்று தோலைப் போர்த்திக்கொண்டு இரவைக் கழித்தார். அவற்றின் கால் எலும்புகளைக் கட்டிக் கொடிக்கம்பமாக்கினார். பிறகு அந்த நாய்களுக்கு நினைவுப் பலகை வைத்தார், புத்தகமும் எழுதினார். அவருடைய புகழை வளர்த்ததில் அந்த ஓர் இரவுக்குப் பெரும் பங்குண்டு. மறுநாள் மோதும் பனிக்கட்டிகளுக்கு நடுவே படகைச் செலுத்திப் போய் அவரை மீட்ட லாக்ஸ் கோவ் மீனவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த வரலாறு முழுவதும் இப்படித்தான். வழி காட்டியவர், வண்டி ஓட்டியவர், வீட்டில் படுக்க இடம் கொடுத்தவர் எல்லாம் பின்னணியில் நிற்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்தது எல்லாமே மருந்தாகவும் இருக்கவில்லை. 1918 இலையுதிர்காலத்தில் மொரேவியன் கிறிஸ்தவ மிஷனின் ‘ஹார்மனி’ கப்பலோடு ஸ்பானிஷ் ஃப்ளூ வந்து இறங்கியது. ஓகாக் என்ற இனுயிட் ஊரில் 263 பேரில் 204 பேர் இறந்தார்கள். அந்த ஊரே பிறகு இல்லாமல் போனது.

மாற்றம் நாற்பதுகளில் வேகம் பிடித்தது. 1941-இல் போர்க்கால விமானத்தளம் கூஸ் பேயில் வந்தது. அறுபதுகளில் ஸ்னோமொபைல் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாய்வண்டி அன்றாடத்திலிருந்து விலகிவிட்டது. இயந்திரத்துக்குத் தினமும் சீல் இறைச்சி போட வேண்டாம். ஓடாத நாளில் அது தீனி கேட்காது. மூன்று நாள் பயணம் ஒரு பகலாகச் சுருங்கியது. கிரென்ஃபெல்லின் மருத்துவமனைகளை நடத்திவந்த கிரென்ஃபெல் சங்கம் 1981-இல் அவற்றை அரசிடம் ஒப்படைத்தது. ஹாரி பேடனின் மகனும் லாப்ரடாரில் மருத்துவராக உழைத்தவருமான டோனி பேடன் அதே ஆண்டில் லாப்ரடாரும் நியூஃபவுண்ட்லாந்தும் சேர்ந்த மாகாணத்தின் லெஃப்டினன்ட் கவர்னரானார். சங்கம் இன்று மருத்துவமனை நடத்துவதில்லை. இருக்கும் நிதியிலிருந்து உதவித்தொகை கொடுக்கிறது.

கிரென்ஃபெல் காலத்துத் தொண்டைப் புகழ்ந்து எழுதுபவர்கள் தாண்டிப் போய்விடும் பக்கம் ஒன்று உண்டு. நார்த் வெஸ்ட் ரிவரின் யேல் பள்ளி, கார்ட்ரைட்டின் லாக்வுட் பள்ளி, செயின்ட் ஆண்டனியின் அநாதை இல்லம் ஆகியவற்றில் பழங்குடிக் குழந்தைகள் வீட்டையும் மொழியையும் விட்டுத் தங்க வைக்கப்பட்டார்கள். அடியும் அவமானமும் பாலியல் கொடுமையும் அனுபவித்ததாக அவர்கள் பெரியவர்களான பின் நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2017 நவம்பரில் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ கூஸ் பேக்கு வந்து, கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். சம்பளம் வாங்காமல் பாடம் நடத்திய இளைஞர்களில் பலர் நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் கேட்கும் பழக்கம் அந்த ஏற்பாட்டில் இல்லை.

2005-இல் வடக்கு லாப்ரடார் இனுயிட் மக்கள் நுனாட்சியாவுட் என்ற தன்னாட்சி அரசைப் பெற்றார்கள். அதன் வட கோடி ஊர் நெய்ன். தெற்கே டிரான்ஸ்-லாப்ரடார் நெடுஞ்சாலை முழுக்கத் தார் போட்டு முடிந்துவிட்டது. நெய்னுக்கு இன்றும் சாலை இல்லை. கோடையில் கப்பல், ஆண்டு முழுவதும் சிறிய ட்வின் ஆட்டர் விமானம், அதுவும் வானிலை விட்டால். ஆகவே குளிர்காலச் சாலை இன்னும் அதே உறைந்த கடல்தான். ஸ்னோமொபைலுக்குப் பின்னால் இழுபடுவது அதே கோமட்டிக். சறுக்கின் அடியில் இப்போது பிளாஸ்டிக், கட்டுவது நைலான் கயிறு. நெளிந்து கொடுக்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. விறகு அதில்தான் வருகிறது, வேட்டையாடிய இறைச்சியும் அதில்தான். கடையில் வாங்கினால் காய்கறிக்கும் பாலுக்கும் விமானச் செலவும் சேர்த்து விலை என்பதால் வேட்டை அங்கே பொழுதுபோக்கல்ல.

மாறியிருப்பது பனிக்கட்டி. தாமதமாக உறைகிறது, சீக்கிரம் உடைகிறது, நடுவிலும் நம்ப முடிவதில்லை. தலைமை நாய் மெல்லிய பனிக்கட்டியை மோப்பத்திலும் பாதத்திலும் உணர்ந்து நின்றுவிடும். ஸ்னோமொபைலுக்கு நிற்கத் தெரியாது. இதைச் சொல்வதால் நாய்க்காலம் பொற்காலம் ஆகிவிடாது. கட்டிப்போடாத நாய்க்கூட்டம் குழந்தைகளைக் கடித்துக் குதறிய சம்பவங்களும் அந்தக் காலத்தில்தான். ஆனால் எச்சரிக்கும் வேலையை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

2012 ஜனவரியில் மக்கோவிக் ஊரின் 14 வயதுப் பையன் ஸ்னோமொபைலில் வழி தவறிக் கடற்பனிக்குப் போய்விட்டான். வண்டி சிக்கிக்கொண்டது, அங்கிருந்து 19 கிலோமீட்டர் நடந்து, பனிக்கட்டியிலேயே இறந்தான். உடனடியாகத் தேடப் போனவர்கள் ஊர்க்காரர்கள். ராணுவ ஹெலிகாப்டர் ஏன் தாமதமாக வந்தது என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போனது. இந்தக் கரையில் இன்றைய தொண்டர்கள் அப்படித் தேடப் போகிறவர்கள்தான். பகலில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, அழைப்பு வந்ததும் சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு இருட்டில் புறப்படும் அக்கம்பக்கத்தார். தேடப்படுபவன் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த பையனாகத்தான் இருப்பான். கல்லூரி விடுமுறையில் வந்துபோன தொண்டருக்கு இப்படி ஒரு பாரம் இருந்ததில்லை.

பனிக்கட்டி சரியாக உறையாத, 2010-ஐ ஒட்டிய குளிர்காலத்துக்குப் பிறகு, நுனாட்சியாவுட் அரசும் மெமோரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து நெய்னில் தொடங்கியதுதான் ஸ்மார்ட்ஐஸ். பனிக்கட்டிக்குள் பதித்த மிதவைக் கருவி தடிமனை அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். நடமாடும் கருவியைக் கோமட்டிக்கில் வைத்து இழுத்துப் போனால் வழி நெடுக அளந்துகொண்டே வரும். எங்கே போகலாம், எங்கே மெதுவாகப் போகலாம், எங்கே போகவே கூடாது என்று ஊருக்கு வரைபடம் கிடைக்கிறது. மிதவைகளைச் செய்ய நெய்ன் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து அங்கேயே பட்டறை வைத்திருக்கிறார்கள். எந்தப் பாதையில் அளப்பது என்பதை முடிவு செய்வது ஊர்க்குழு. அதில் நாய்வண்டி ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர்களின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. நீரோட்டம் எங்கே பனிக்கட்டியை அடியிலிருந்து அரிக்கும் என்பது கருவியைப் பதிப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.